மருந்தும் உறையும்: நாட்டுக்கு நாடு வேறுபடும் காப்பு முறைகள்

கடையிற் பொருளொன்றை வாங்கி வீடு சேர்ந்ததும் அதன் உறையைக் கழற்றி எறிதல் எமது வழக்கம். சீனிக்கும் தேயிலைக்கும் அவ்வழக்கம் பொருந்தும். உறை போயினும் சீனி சீனியே. மருந்துக்கோ அது பொருந்தாது. உறையை இழந்த குளிசை தன் பெயரையும், அளவையும், காலத்தையும் உடனிழந்து, வெள்ளை வட்டமொன்றாக எஞ்சி நிற்கும். அதனை ஆக்கியவர்தாமும் கண்ணாற் கண்ட மாத்திரத்தே இன்னதென்று கூற வல்லரல்லர். ஆதலால் உறையை மருந்தின் ஒரு பாகமென்றே கொள்ளுதல் தகும்.

மருந்துறைக்குத் தொழில் மூன்று. வெயிலினின்றும் ஈரத்தினின்றும் மருந்தைக் காத்தல் முதலாவது. உண்ணத் தகாதவரிடமிருந்து, சிறப்பாகக் குழந்தைகளிடமிருந்து, மருந்தை விலக்கி வைத்தல் இரண்டாவது. உண்பவர்க்கு வேண்டிய செய்தியைச் சொல்லுதல் மூன்றாவது. இம்மூன்றும் எல்லா நாட்டுக்கும் பொதுவாயினும் அவற்றை நிறைவேற்றும் முறை நாட்டுக்கு நாடு வேறுபடும். ஒவ்வொரு நாடும் தன் காலநிலை, தன் வீடுகளின் அமைப்பு, தன் மருந்துக்கடைகளின் வழக்கம், தன் மக்கள் வாசிக்கும் மொழி, தான் முன்னர்ப் பட்ட துன்பம் ஆகியவற்றை மனத்திற்கொண்டே தன் உறையை வகுத்திருக்கின்றது. அந்நாட்டின் எல்லைக்குள் உறையும் வழக்கமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். மருந்து கடல் கடக்கும்பொழுது குளிசை மாத்திரமே பயணஞ் செய்கின்றது. அதனைச் சூழ்ந்திருந்த காப்பிற் பெரும்பகுதி பின்னே நின்றுவிடுகின்றது.

இஃது எம்மவர்க்கு வெறும் ஏட்டறிவன்று. எமது கல்லூரியின் பழைய மாணவர் இன்று கொழும்பிலும், இலண்டனிலும், ரொறன்ரோவிலும், மெல்பேணிலும் வாழ்கின்றனர். விடுமுறைக்கு ஊர் வருவோரின் பெட்டியில் பெற்றோருக்கென வாங்கிய மருந்துப் போத்தலொன்று இல்லாதிருத்தல் அரிது. ஊரிலுள்ள முதியோரின் அலுமாரியைத் திறப்பின் கொழும்பிலிருந்து வந்த அட்டை, இந்தியாவிலிருந்து வந்த அட்டை, கனடாவிலிருந்து வந்த பெரும் போத்தல், அரசினர் வைத்தியசாலையிற் கிடைத்த கடதாசி உறை என நான்கு வகை முறைகள் ஒரே தட்டில் இருக்கக் காணலாம். அந்நான்கையும் உண்பவர் ஒருவரே. ஆகவே இவ்வேறுபாடுகளை ஒருவாறு ஆராய்ந்தறிதல் எமக்கு இன்றியமையாதது.

குழந்தையின் கையும் முதியோரின் கையும்

நிறமும் பளபளப்பும் உடைய குளிசையைக் குழந்தை இனிப்பென்றே எண்ணும். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து வின்சர் நகரிலே நச்சுத் தடுப்பு நிலையமொன்றை நடத்திய குழந்தை வைத்தியர் ஹென்றி பிறோ என்பார், மருந்தை விழுங்கி வந்த குழந்தைகளைக் கண்டு கண்டு வருந்தி, போத்தலின் மூடியை மாற்றுதலே வழியெனத் துணிந்தார். உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே திருகினாலன்றித் திறவாத மூடி அவருடைய முயற்சியால் 1967ஆம் ஆண்டில் வழக்கிற்கு வந்தது. அழுத்துதல், திருகுதல் ஆகிய இரு செயல்களையும் ஒரே சமயத்திற் செய்தல் சிறு குழந்தைக்கு எளிதன்று என்பதே அதன் தத்துவம்.

ஐக்கிய அமெரிக்காவில் நச்சுத் தடுப்பு உறைச் சட்டம் 1970ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் நிறைவேறியது. 1972இல் அஸ்பிரின் அச்சட்டத்துட் கொண்டுவரப்பட்டது. மற்றைய மருந்துகள் அதனைத் தொடர்ந்தன. அந்நாட்டார் மூடியைச் சோதிக்கும் முறை அறியத்தக்கது. 42 முதல் 51 மாதம் வரை வயதுடைய குழந்தைகளை இருவர் இருவராக இருத்தி, போத்தலைக் கொடுத்து, 5 நிமிடம் திறக்க விடுவர். பின்னர் திறக்கும் விதத்தை ஒருமுறை செய்து காட்டி, பல்லையும் பயன்படுத்தலாமெனக் கூறி, மீண்டும் 5 நிமிடம் கொடுப்பர். செய்து காட்டுமுன் 100இல் 85 பேரும், செய்து காட்டிய பின்னரும் 80 பேரும் திறக்க இயலாதிருத்தல் வேண்டும். அதே மூடியை 50 முதல் 70 வயது வரையுள்ளோரில் 100க்கு 90 பேர் திறந்து மூட வல்லராயிருத்தலும் வேண்டும். 1974 முதல் 1992 வரையான காலத்தில் வைத்தியர் எழுதிக்கொடுத்த உண்மருந்துகளுக்கு இத்தகைய உறை இட்டமையால் ஏறக்குறைய 460 குழந்தைகளின் உயிர் காக்கப்பட்டதென ஆய்வாளர் 1996இற் கணித்துக் கூறினர்.

மேற்கூறிய கணக்கை ஊன்றி நோக்குவார்க்கு மற்றோர் உண்மையும் புலப்படும். 100இல் 20 குழந்தைகள் திறந்துவிடினும் மூடி சோதனையிற் தேறிவிடும். எனவே அது குழந்தையால் திறக்கவே முடியாத மூடியன்று. திறத்தற்கு நேரமெடுக்கும் மூடியேயாம். அந்த நேரத்திற்குள் பெரியவரொருவர் வந்துவிடுவார் என்பதே சட்டஞ் செய்தாரின் எண்ணம். கைம்மூட்டு வாதமுடைய முதியோர் விரும்பிக் கேட்பின் மருந்தாளர் சாதாரண மூடியிட்டுக் கொடுக்கவும் அமெரிக்கச் சட்டம் இடமளிக்கின்றது.

இனி எமது வீட்டை நோக்குவாம். மகன் அனுப்பிய போத்தலைத் திறக்கமாட்டாத தாயார், ஒருமுறை அயலாரைக் கொண்டு திறப்பித்து, அதன்பின் மூடியை இறுக்காது மேலே வைத்துவிடுவார். அன்றேல் குளிசைகளைப் பழைய போத்தலொன்றினுட் கொட்டி வைப்பார். அவ்வீட்டிற்கு ஆடி மாதத்திற் பேரப்பிள்ளைகள் வருவர். முதியோர் மாத்திரம் வாழும் வீட்டில் மருந்தைக் கட்டில் அருகே வைத்தலாற் பிழையில்லை. குழந்தை வந்த நாளில் அந்த ஒழுங்கு மாறவேண்டும். நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய நோய் ஆகியவற்றிற்கு முதியோர் உண்ணும் குளிசைகளுட் சில, சிறு தொகையாயினும் குழந்தைக்குப் பேராபத்து விளைப்பன.

எண்ணிக்கையும் காப்பே

நோவுக்கும் காய்ச்சலுக்கும் உலகெங்கும் உண்ணப்படும் பரசிட்டமோல் அளவோடு உண்பார்க்கு நல்ல மருந்து. அளவு மீறின் ஈரலைக் கெடுக்கும். முதல் ஒன்றிரண்டு நாள் உடம்பில் குறியொன்றும் பெரிதாகத் தோன்றாமலும் இருக்கலாம். இம்மருந்தால் நேர்ந்த மரணங்கள் மிகுதல் கண்டு பிரித்தானிய அரசு 1998ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் ஒரு விதி செய்தது. அதன்படி சாதாரணக் கடைகளில் ஒரு பெட்டியில் 16 குளிசைகளுக்கு மேலும், மருந்துக்கடைகளிற் பொதுவாக 32க்கு மேலும் விற்றலாகாது.

இதனைக் கேட்போர் நகைத்தலும் கூடும். ஒரு கடையில் 16 வாங்கியவர் அடுத்த கடையில் மேலும் 16 வாங்கலாமன்றோ என்பர். விதி செய்தாரும் அதனை அறிவர். மனிதன் மனமுடைந்து தனக்குத் தானே தீங்கு நினைக்கும் வேளை பெரும்பாலும் குறுகியது. அவ்வேளையில் அவன் கைக்கு எட்டுவது வீட்டிலிருப்பதே. வீட்டில் இருப்பது குறைவாயின் விளையும் தீங்கும் குறையும். மேலும், போத்தலிலிருந்து குளிசைகளைக் கொட்டுதல் ஒரு கணத்துச் செயல். குழிதோறும் ஒவ்வொன்றாக வைத்து உலோகத்தாள் ஒட்டிய அட்டையிலிருந்து எடுப்பதற்கோ ஒவ்வொன்றாக அழுத்துதல் வேண்டும். அத்தாமதத்திலே மனம் திரும்புதற்கு இடமுண்டு. இவ்விதி வந்தபின் கழிந்த 11 ஆண்டுகளில் இங்கிலாந்திலும் வேல்சிலும் பரசிட்டமோலால் நேர்ந்த மரணங்கள் 100க்கு 43 வீதம் குறைந்தன என்றும், அது 765 உயிர்களுக்குச் சமமென்றும் 2013இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அவுஸ்திரேலியாவும் 2025ஆம் ஆண்டு பெப்ருவரி முதல் நாளிலிருந்து சாதாரணக் கடைகளில் விற்கும் பெட்டியை 20 குளிசையினின்று 16 ஆகக் குறைத்தது. ஐக்கிய அமெரிக்காவிலோ அதே மருந்தை நூற்றுக்கணக்கிற் கொண்ட போத்தல்களை எவரும் வாங்கலாம். ஒரு நாடு மூடியை நம்பியது. மற்றொரு நாடு எண்ணிக்கையை நம்பியது.

எம்மவர் வீட்டில் இவை எவ்வாறாகின்றன? வெளிநாட்டிலிருந்து வருவோர் அன்பின் மிகுதியால் பெரிய போத்தலையே தெரிந்தெடுப்பர். தேவைக்கு மேல் வீட்டிற் குவியும் மருந்து செல்வமன்று. பரசிட்டமோலை ஒருவர் அளவு மீறி உண்டார் என்று ஐயுறின், அவர் நலமாகத் தோன்றினும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். அதற்கு மாற்று மருந்து உண்டு. தாமதமின்றிக் கொடுக்குமிடத்தே அது நன்கு பயன்படும்.

முத்திரையும் குறியீடும்

1982ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்திலே சிக்காகோ நகர்ப்புறத்தில் டைலெனோல் என்னும் நோவு மருந்தின் கூட்டுக்குளிசைகளுக்குள் எவரோ சயனைட்டு நஞ்சை இட்டுக் கடைத் தட்டுக்களில் மீண்டும் வைத்தனர். எழுவர் இறந்தனர். செய்தவர் இன்னாரென்று நிறுவப்படவில்லை. மருந்தை ஆக்கியோரிடத்துக் குற்றமில்லை; இடையிலே திறந்தமையைக் காட்டும் அடையாளம் உறையில் இல்லாமையே குறை. அவ்வாண்டு நவம்பர் மாதத்திலேயே, திறக்கப்பட்டால் திறக்கப்பட்டமை தெரியும் முத்திரை வேண்டுமென அமெரிக்க அரசு விதித்தது. மூடியைச் சுற்றியுள்ள வளையமும், வாயில் ஒட்டிய தாளும், பெட்டியின் ஓரத்து ஒட்டும் அன்று தொடங்கிப் பரவியவை.

ஐரோப்பியர் அஞ்சியது போலி மருந்தையாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் வைத்தியர் எழுதிக்கொடுக்கும் மருந்துப் பெட்டிகளிற் பெரும்பாலானவை 2019ஆம் ஆண்டு பெப்ருவரி 9ஆம் நாள் முதல் தனக்கெனத் தனி எண் அடங்கிய சதுரக் குறியீட்டையும் திறவா முத்திரையையும் உடையனவாய் வரவேண்டுமென்று விதியாயிற்று. மருந்தாளர் அதனைக் கருவியாற் படித்து, உண்மைப் பெட்டியென்று உறுதிசெய்த பின்னரே கொடுப்பர். பார்வையற்றோர் தடவிப் படிக்குமாறு மருந்தின் பெயரைப் பிறெயில் எழுத்திற் புடைத்துக் காட்டுதலும் அங்கு 2004ஆம் ஆண்டு விதியின் வழி வந்தது. இந்தியாவிலும் 2023ஆம் ஆண்டு ஓகஸ்ற் முதல் நாளிலிருந்து பெயர்பெற்ற 300 மருந்துகளின் உறையில் இத்தகைய குறியீடு கட்டாயமாயிற்று.

இக்காப்புக்கள் எல்லாம் பெட்டி முழுமையாகக் கைக்கு வரும்பொழுதே பயன்படுவன. பயணப்பெட்டியில் இடமில்லையென்று வெளிப்பெட்டியைக் கழற்றி, அட்டைகளை மாத்திரம் நூலாற் கட்டிக் கொண்டு வருவோர், முத்திரையையும் குறியீட்டையும் துண்டுப்பிரசுரத்தையும் விமான நிலையத்துக் குப்பைக்கூடையில் விட்டு வருகின்றனர். சுங்கத்தார் கேட்கும்பொழுது மருந்து இன்னதென்று காட்டுதற்குச் சான்றும் இல்லாதொழிகின்றது. ஒரு நாட்டிற் கடையிலே வாங்கும் மருந்து மற்றொரு நாட்டில் தடைப்பட்டதாக இருத்தலும் உண்டு. கொடெயின் சேர்ந்த நோவுக் குளிசை பிரித்தானிய மருந்துக்கடைகளில் வைத்தியர் சீட்டின்றியும் சிறு பெட்டியாகக் கிடைக்கும். அவுஸ்திரேலியாவில் 2018ஆம் ஆண்டு பெப்ருவரி முதல் சீட்டின்றி அதனைப் பெறுதல் இயலாது.

ஒரு மருந்து, பல பெயர். ஒரு பெயர், பல மருந்து

உறையின் மூன்றாவது தொழில் செய்தி சொல்லுதல் என்றோம். முதற் செய்தி பெயர். மருந்துக்குப் பெயர் இரண்டு. ஆக்கியோன் வைக்கும் வணிகப்பெயர் ஒன்று; மருந்துப் பொருளுக்கே உரிய பொதுப்பெயர் மற்றொன்று. உலகெங்கும் ஒரே பொதுப்பெயர் வழங்குதல் வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 1950இல் முடிவு செய்து, 1953இல் முதற் பட்டியலை வெளியிட்டது. ஆயினும் ஐக்கிய அமெரிக்கா சில பெயர்களைத் தன் வழியே வழங்குகின்றது. எமது பரசிட்டமோல் அங்கும் கனடாவிலும் அசெற்றமினோபென் எனப்படும். தொய்வுக்குரிய சல்பியூட்டமோல் அமெரிக்காவில் அல்பியூட்டரோல். நீரிழிவுக்குரிய கிளிபென்கிளமைட்டு அங்கே கிளைபியூரைட்டு.

இதனால் நேரும் ஆபத்து வெளிப்படை. காய்ச்சலுற்ற ஒருவர் ஊரில் வாங்கிய பனடோல் இரண்டை உண்கிறார். நோவு தணியாதிருக்கவே, கனடாவிலிருந்து வந்த டைலெனோல் வேறு மருந்தென்று கருதி அதிலும் இரண்டை உண்கிறார். இரண்டும் ஒரே மருந்து. அவர் உண்டது இரட்டிப்பு. தடிமனுக்கென விற்கும் கலவை மருந்துகள் பலவற்றிலும் இதுவே கலந்திருத்தலின் மும்மடங்காதலும் உண்டு.

இதற்கு மறுதலையானது, ஒரே வணிகப்பெயர் இரு நாடுகளில் இரு மருந்துகளைக் குறித்தல். அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2006ஆம் ஆண்டு தன் மக்களை இது குறித்து எச்சரித்தது. ஃபுளோமக்ஸ் என்னும் பெயர் அமெரிக்காவில் முதிய ஆடவரின் சிறுநீர்த் தடைக்குரிய மருந்தைக் குறிக்க, இத்தாலியில் அதே பெயர் வீக்கந் தணிக்கும் மருந்தைக் குறித்தது. நோர்பிரமின் என்பது அமெரிக்காவில் மனச்சோர்வுக்குரியது. ஸ்பெயினில் வயிற்றுப் புண்ணுக்குரியது. பயணத்திலே மருந்து தீர்ந்தவர் வணிகப்பெயரை மாத்திரம் சொல்லி வாங்கின் நிகழ்வது என்னவென்று நாமே ஊகிக்கலாம்.

இரண்டாவது செய்தி அளவு. 500 மில்லிகிராம் பரசிட்டமோல் குளிசையை 24 மணி நேரத்தில் 8க்கு மேல் உண்ணற்க என்று பிரித்தானியப் பெட்டி கூறும். அதே 500 மில்லிகிராம் டைலெனோல் அமெரிக்கப் போத்தலில் 2011 முதல் 6க்கு மேல் உண்ணற்க என்று கூறுகின்றது. கனடாவிலும் அமெரிக்காவிலும் 325, 650 மில்லிகிராம் குளிசைகளும் உள. ஆகவே இரண்டு குளிசை என்னும் சொல் அளவாகாது. எத்தனை மில்லிகிராம் என்பதே அளவாம்.

குழந்தைகளுக்குரிய பாணி மருந்தில் இவ்வேறுபாடு மேலும் கொடிது. பிரித்தானியாவிற் கைக்குழந்தைகளுக்குரிய பரசிட்டமோல் பாணி 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் கொண்டது. கனடாவிற் கைக்குழந்தைகளுக்கென விற்கும் துளிமருந்து ஒரு மில்லிலீற்றரிலேயே 80 மில்லிகிராம் கொண்டது. துளிக்குழாயால் அளந்து கொடுத்தற்குரியது. அத்துளிமருந்தை ஒருவர் தம் பழக்கப்படி 5 மில்லிலீற்றர்த் தேக்கரண்டியால் அளந்து கொடுப்பின் குழந்தை பெறுவது 400 மில்லிகிராம், அதாவது மூன்று மடங்குக்கும் மேல். ஐக்கிய அமெரிக்காவிலும் இத்தகைய செறிவான துளிமருந்து முன்னர் இருந்தது. அளவு மயங்கி நேர்ந்த தீங்குகளைக் கண்டு, 2011 முதல் குழந்தைகளுக்கெல்லாம் 5 மில்லிலீற்றரில் 160 மில்லிகிராம் என ஒரே செறிவாக்கினர். மருந்தோடு வந்த அளவுகோல் அம்மருந்துக்கே உரியது என்பது இதனாற் பெறப்படும்.

மூன்றாவது செய்தி எச்சரிக்கை. மொழியறியாதார்க்குப் படம் உதவுமென்பர். படமும் கற்றார்க்கே பொருள் தரும். கருவிலுள்ள சிசுவின் அவயவங்களைக் கெடுக்கும் தலிடோமைட்டு, பிரேசில் நாட்டிற் தொழுநோயாளர்க்கு வழங்கப்பட்டபோது, கருவுற்ற பெண்ணின் உருவத்தின் குறுக்கே கோடிட்ட படம் உறையில் இருந்தது. கருவுற்றோர் உண்ணற்க என்பது வரைந்தோர் கருத்து. கருத்தரிப்பைத் தடுக்கும் மருந்து என்று அதனை விளங்கிக்கொண்டோரும் இருந்தனர். இந்தியாவில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தின் அட்டையில் நெடுக்காக ஒரு செங்கோடு காணப்படும். வைத்தியர் சீட்டின்றி உண்ணற்க என்பது அதன் பொருள். 2016இல் அந்நாட்டு அரசு அதனை மக்களுக்கு விளக்க முயன்றது. அவ்விளக்கத்தைக் கேளாத எமக்கு அக்கோடு அட்டையின் அலங்காரமாகவே தோன்றும்.

வெப்பமும் காலமும்

மருந்தின் ஆயுட்காலம் எண்ணிப் பார்த்து இடப்பட்டதன்று, சோதித்து இடப்பட்டது. மிதமான காலநிலையுடைய நாடுகளுக்கென ஆக்கும் மருந்தைப் பொதுவாக 25 பாகை வெப்பத்திலும் 60 சதவீத ஈரப்பதனிலும் நெடுநாள் வைத்துச் சோதிப்பர். வெப்பமும் ஈரமும் மிக்க நாடுகளுக்கென ஆக்குவதை 30 பாகையிலும் 75 சதவீதம் வரையான ஈரப்பதனிலும் வைத்துச் சோதிப்பர். அதனாலேயே ஒரே குளிசை குளிர்நாட்டில் மெல்லிய நெகிழித் தகட்டிலும், வெப்பநாட்டில் இருபுறமும் அலுமினியத் தகட்டிலும் வருதல் உண்டு. 25 பாகைக்குக் கீழ் வைக்க என்று எழுதிய போத்தலை, நண்பகலில் 30 பாகை தாண்டும் எமது வீட்டில், அதுவும் சமையலறைச் சாளரத்தருகே வைப்பின், உறையிலிட்ட முடிவுத் திகதி நம்பத்தக்கதன்று.

நெஞ்சுநோவுக்கு நாவின்கீழ் வைக்கும் கிளிசரைல் திரைநைத்திரேற்றுக் குளிசை இதற்குச் சிறந்த உதாரணம். அதன் மருந்துச் சத்து எளிதில் ஆவியாவது. அதனைக் கண்ணாடிப் போத்தலிலேயே, உலோகத்தாள் பதித்த மூடியிட்டு, பஞ்சும் வையாது வைத்தல் வேண்டும். திறந்து 8 வாரத்தின்பின் எறிந்துவிடல் வேண்டும் என்பது பிரித்தானிய முறை. அதனைக் கடதாசியிற் சுற்றிச் சட்டைப்பையில் வைத்திருப்பவர் ஆபத்து வேளையில் நாவின்கீழ் வைப்பது சத்தற்ற வெறும் குளிசையாய் முடியலாம்.

திகதியை வாசித்தலிலும் வேறுபாடுண்டு. மாதமும் ஆண்டும் மாத்திரம் இருப்பின் அம்மாதத்தின் இறுதிநாள் வரை உண்ணலாம் என்பது பொது வழக்கு. ஜூன் மாதத்துக்கு முன் பயன்படுத்துக என்று எழுதியிருப்பின் மே 31உடன் காலம் முடிந்தது. அமெரிக்கர் மாதத்தை முன்னும் நாளைப் பின்னும் எழுதுவர். 03/04/2027 என்பது அவர்க்கு மார்ச் 4. எமக்கு ஏப்ரில் 3.

எமது கடதாசி உறை

எமது நாட்டின் மருந்துக் கொள்கை உலகிற் பெயர்பெற்றது. பேராசிரியர் சேனக பிபிலே அவர்களின் முயற்சியால் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. அவரே அதன் முதற் தலைவர். மருந்துகளைப் பொதுப்பெயரால் வாங்குதலும் வழங்குதலும் ஏழைக்கு மருந்தை எட்டச்செய்யும் வழியென்பது அவர் கொள்கை. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபை அமைந்தது. உறையைப் பொறுத்தவரை எமது பழைய வழக்கமே பல இடங்களிலும் நிலவுகின்றது. மருந்து வழங்குவோர் பெரிய போத்தலிலிருந்து குளிசைகளை எண்ணிக் கடதாசி உறையிலிட்டு, வேளையைக் கோடிட்டுக் காட்டிக் கொடுப்பர். கடைக்காரர் அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி வேண்டிய தொகையைக் கொடுப்பர்.

இவ்வழக்கத்தை இழித்துரைத்தல் எளிது. அதன் நன்மையையும் நோக்குதல் முறை. மூன்று நாளைக்கு மாத்திரம் பணமுடைய தொழிலாளி மூன்று நாள் மருந்தை வாங்க அது இடந்தருகின்றது. வீட்டில் மருந்து குவியாமலும் தடுக்கின்றது. பிரித்தானியர் சட்டத்தால் அடைந்த எண்ணிக்கைக் குறைவை எமது கடதாசி உறை வறுமையால் அடைந்ததென்றும் கூறலாம். ஆனால் அவ்வுறை பேசாது, குழந்தையைத் தடுக்காது, ஈரத்தை மறிக்காது. வெட்டிய அட்டைத் துண்டில் பெயர் பாதியும், திகதி இல்லாமலும் இருக்கக் காண்கிறோம். யப்பான் நாட்டில் இவ்வாறு பிரித்தெடுத்த ஒற்றைக் குளிசைத் துண்டை முதியோர் உறையோடு விழுங்கித் தொண்டையிற் புண்பட்டமை கண்டு, தனித்தனியே பிரிக்க இயலாதவாறு அட்டையின் வெட்டுக்கோட்டை ஒருபுறமாக மாத்திரம் இடும் முறையை 1996 முதல் மருந்தாக்குவோர் கைக்கொண்டனர்.

எச்சரிக்கை உறையோடு போய்விடுதல் இன்னும் பெரிய கேடு. வலிப்புக்குரிய வல்புரோவேற்று மருந்து கருவுற்றார் உண்ணின் சிசுவைப் பாதிக்கும். அவ்வெச்சரிக்கை ஒவ்வொருவர் கையையும் அடைதற்காக, பெட்டியைப் பிரியாது முழுமையாகவே கொடுத்தல் வேண்டும் என்று பிரித்தானியா 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் விதித்தது. மூட்டுவாதத்திற்கு வாரத்திலொருநாள் மாத்திரம் உண்ணும் மெதோற்றெக்சேற்றுக் குளிசையைத் தவறி நாடோறும் உண்டு உயிரிழந்தாருளர். அதனைப் போத்தலில் விடாது அட்டையில் இட்டு, வாரத்துக்கு ஒருமுறை என உறையிற் காட்டவேண்டுமென ஐரோப்பிய மருந்து நிறுவனம் 2019இற் பணித்தது. பேசாத கடதாசி உறையில் இம்மருந்துகள் வருமிடத்து, கொடுப்பவரும் உண்பவரும் வாயாற் பேசிக்கொள்ளுதல் ஒன்றே காப்பு.

கைக்கொள்ள வேண்டியன

மேற்கூறியவற்றால் எவரும் தம் வீட்டில் இன்றே செய்யத்தக்கன பின்வருவன:

1. மருந்தை அது வந்த உறையிலேயே வைத்தல். இரு போத்தல்களை ஒன்றாக்காதிருத்தல்.

2. அட்டையை வெட்டுவிக்க நேரின், பெயரும் அளவும் திகதியும் உள்ள பகுதியைக் கேட்டுப் பெறுதல். இயலாதெனின் கடதாசி உறையில் அவற்றைக் கடைக்காரரைக் கொண்டே எழுதுவித்தல்.

3. பொதுப்பெயரையும் மில்லிகிராம் அளவையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்தல். யப்பானியர் ஒவ்வொருவரும் உண்ணும் மருந்துகளை எழுதும் சிறு கைப்புத்தகம் வைத்திருந்து வைத்தியருக்கும் மருந்தாளருக்கும் காட்டுவர். அவ்வழக்கம் எமக்கும் ஏற்றது.

4. பாணி மருந்தை அதனோடு வந்த அளவுகோலால் மாத்திரம் அளத்தல்.

5. குழந்தை வீட்டுக்கு வருமுன் மருந்தெல்லாவற்றையும் உயரத்திற் பூட்டி வைத்தல்.

6. வெளிநாட்டிலிருந்து மருந்து அனுப்புவோர், ஊரில் பெற்றோரைப் பார்க்கும் வைத்தியர்க்கு முதலில் அறிவித்தல். ஊரிற் கிடைக்கும் மருந்தாயின் அனுப்பாதிருத்தல். அனுப்பின் பெட்டி, துண்டுப்பிரசுரம் யாவும் சேர அனுப்பி, பொதுப்பெயரையும் உண்ணும் முறையையும் தமிழில் எழுதி ஒட்டுதல்.

இறுதியாகக் கூறியதே இக்கட்டுரையின் முதன்மையான வேண்டுகோள். கடலுக்கு அப்பாலிருக்கும் பிள்ளை தன் தாய்தந்தையர்க்கு மருந்தனுப்புதல் அன்பின் செயலே. அம்மருந்தோடு பிறநாட்டுச் சட்டத்தையோ, அந்நாட்டு மருந்தாளரையோ, அந்நாட்டுக் குளிரையோ அனுப்புதல் இயலாது. அனுப்பக்கூடியது எழுத்தொன்றே. பெரிய தமிழ் எழுத்தில் நான்கு வரி எழுதி ஒட்டுதற்குச் செல்லும் நேரம் ஐந்து நிமிடம். இன்று கல்லூரியிற் பயிலும் மாணவர்க்கும் இதிலொரு பணியுண்டு. தம் வீட்டிலும் அயல் வீட்டிலும் முதியோரின் மருந்தலுமாரியை அவர் இசைவோடு திறந்து, பெயரையும் திகதியையும் வாசித்துச் சொல்லுதற்கு மருத்துவக் கல்வி வேண்டுவதில்லை. கற்ற எழுத்தும் பொறுமையும் போதும். ஐயுற்றதை மருந்தாளரிடமோ வைத்தியரிடமோ காட்டி உசாவுக. கற்ற கல்வி வீட்டுக்குப் பயன்படுதற்கு இதனினும் எளிய வழி வேறில்லை.